அடுத்தது சொல்லு

கோவையில் எனக்கு எல்.எல்.ஆர். டெஸ்ட். பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து குறுக்கு வழியில் கணவர் மொபெட்டை ஓட்டினார். பின்னால் உட்கார்ந்து, மனப்பாடம் செய்த சாலைக் குறியீடுகளை ஒவ்வொன்றாக ஒப்பித்தேன். "செரி அம்மணி, அடுத்தது சொல்லு" என்றபடியே வந்தார்.

வழியில் நிஜப் பலகையே ஒன்று தெரிந்தது. "ஆளில்லாத ரயில்வே கேட்" என்றேன்.

"செரி, அடுத்தது" என்றவர் வேகத்தைக் குறைக்கவில்லை. பாடம் ஒப்பிக்கிறேன் என்றே நினைத்திருக்கிறார்.

ரயில் ஊதியது. சட்டையைப் பிடித்து இழுத்து, "நில்லுங்க" என்று கத்தினேன். தண்டவாளத்தை ஒட்டி வண்டி நின்றது. கடைசிப் பெட்டி போன பிறகுதான் வண்டியைக் கிளப்பினார்.

டெஸ்ட்டில் ஆய்வாளர் அதே படத்தைக் காட்டினார். "நிக்கோணுங்க" என்றேன்.

"பேரைச் சொல்லுங்கம்மா" என்றார். சொன்னேன், பாஸானேன்.

இப்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்தால், எந்தப் பலகையின் பெயரையும் நான் சொல்வதில்லை. நிற்க வேண்டிய இடத்தில் "நில்லுங்க" என்கிறேன்.