மகளின் டிக்கெட்

என் நாட்குறிப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பதிவு: “ஹெவி மெட்டல் இசை வெறும் கூச்சல் என்றேன். மகள் சண்டைக்கு வந்தாள். ‘அந்தக் கச்சேரில யாரு வுழுந்தாலும் ஆட்டத்த நிறுத்தித் தூக்கிவுடுவாங்கப்பா. நம்ம தேர்க்கூட்டத்துல மிதிச்சிட்டுல்ல போறாங்க!’”

அடுத்த மாதம் அவள் காய்ச்சலில் இறந்துபோனாள்.

அவள் வாங்கிவைத்திருந்த கச்சேரி டிக்கெட்டோடு பாகூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ் ஏறினேன். டிரம்ஸ் நெஞ்சில் அடித்தது. மோதி ஆடிய இளைஞர்களுக்கு நடுவே இடிபட்டு விழுந்தேன். சுற்றிலும் ஆட்டம் நின்றது. பல கைகள் என்னைத் தூக்கின.

“இன்னா பெர்சு, நீயும் மெட்டலா?” என்று சிரித்தான் ஒருவன்.

“பொண்ணோட டிக்கெட்டுப்பா. அவ இப்ப இல்ல.”

கடைசிப் பாட்டுவரை அவன் என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

வெளியே வந்ததும் அவள் படத்தைக் காட்டி, முன்பு ஏதாவது கச்சேரியில் பார்த்திருக்கிறார்களா என்று பலரிடம் கேட்டேன். யாரும் அவளைப் பார்த்ததில்லை. இதுதான் அவளுக்கு முதல் கச்சேரியாக இருந்திருக்குமா என்பது எனக்கு இன்னும் உறுதியாகவில்லை.