டபராவுக்குள் பயணிகள்

தையல் மெஷினின் மோட்டார் சூடேறி எண்ணெய் வாசனை கிளம்பினால் போதும், மனசு போத்தனூருக்கு ஓடிவிடுகிறது. அங்கே எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு ரயில் டிரைவர் இருந்தார். நரைத்த மீசை, தடித்த விரல்கள். சிங்கப்பூர் மச்சான் மூலம் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்த ஜப்பான் பொம்மை ரயில்களைத் தரையில் ஓட்டுவார்; அவற்றின் குட்டி மோட்டாரிலும் இதே வாசனைதான். ரயிலைக் கிளப்பும் குமிழைத் திருகும் முன் வாயாலேயே நீளமாக ஹாரன் அடிப்பார். தண்டவாளத்தில் ஓர் எறும்புகூட இருக்காது.

ஈரோட்டில் வேலை கிடைத்து, கிளம்புவதற்கு முந்தின நாள் சொல்லிக்கொள்ளப் போனேன். பொம்மை பிளாட்பாரம் காலியாக இருந்தது. வழக்கமாக அங்கே நிற்கும் அரிசியளவு மனிதர்கள் எல்லாரும் ஒரு டபராவுக்குள் கிடந்தார்கள்.

"ஏனுங்க, இவங்களுக்கெல்லாம் வண்டி ரத்துங்களா?" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை.

"போன மாசம் இருகூர்கிட்ட ஒரு பொம்பள குறுக்கால வந்து நின்னுபோட்டா கண்ணு. பிரேக் புடிச்சேன். அத்தனை பெட்டிய இழுத்துட்டு வர்ற வண்டி உடனே நிக்குமா?"

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. பொம்மை ரயில் மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது.

"வாரேனுங்க," என்று எழுந்தேன்.

"காலைல ஈரோட்டு வண்டிக்கா? லீவு முடிஞ்சுது, நாந்தான் எடுக்கறேன்." அவர் கை குமிழை விடவில்லை. "பிளாட்பாரத்துல கொஞ்சம் தள்ளியே நில்லு கண்ணு."