இரண்டு மாலைகளின் மணிகள்

அக்காவின் கலியாண எழுத்துக்கு, அதாவது பதிவுக்கு, முதல் நாள் மத்தியானம் என் மேசையில் இருந்தவை இவை: என் கொலுசு இரண்டையும் உருக்கி இழுத்த வெள்ளிக் கம்பி ஒரு சுருள், வெண்காரம், சிறிய காஸ் விளக்கு, வளைக்கிற குறடு, வெட்டுகிற குறடு, ஒரு பழைய பால்மாத் தகரப் பேணி. பேணிக்குள் ஸ்படிக மணிகள்.

பேணி அம்மாவுடையது. சுனாமி எங்களுக்கு விட்டுவைத்தது அந்த மணிகளை மட்டும்தான். அன்று காலை கழுத்தில் கிடந்த மாலை அறுந்து சேலை மடிப்பில் சிக்கியவை என்று அம்மா சொல்லியிருந்தார். நாங்களும் அதற்கு மேல் கேட்டதில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அப்பா உயிரோடிருந்தபோது அக்காவுக்கென்று கட்டிய கல்லடிக் கடற்கரை வீடு அலையோடு போய்விட்டது. நாங்கள் இருந்தது கடலை விட்டுத் தள்ளிக் கட்டித் தந்த இரண்டு அறை வீட்டில்.

"அந்த வீட்டுச் சாமான் ஒண்டாவது அவள்ர கையில இரிக்கோணும். ஒரு கைச்செயின் செய்" என்று அம்மா பேணியைக் கொண்டுவந்து வைத்தார். "ஒரு மணியையும் விடாத. எல்லாத்தையும் கோ."

மாப்பிள்ளை எங்களுக்குப் புதியவர் அல்ல. பழைய வீட்டில் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த மாமியின் ஒரே மகன். அலை வந்தபோது அவர் வாழைச்சேனைத் துறைமுகத்தில் வேலையில் நின்றார். மாமியின் உடல் கிடைக்கவே இல்லை.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் வரைதல் படித்தவள். நகை செய்யக் கற்றது சுனாமிக்குப் பிறகு வந்த ஒரு பயிற்சி வகுப்பில். எதையும் அளக்காமல் தொடங்க எனக்கு வராது. அக்காவின் மணிக்கட்டை நூலால் சுற்றி அளந்து, கட்டம் போட்ட தாளில் நீட்டி வரைந்தேன். ஸ்படிகத்துக்கு நெருப்புக் காட்டினால் வெடித்துவிடும். ஆகவே பற்றவைக்கிற வேலை முழுவதும் கொக்கியோடு முடிய வேண்டும். மணிகளை நெருப்பில்லாமல்தான் இணைக்க வேண்டும். கம்பியை மணிக்குள் விட்டு, இரண்டு முனையிலும் கண் வளைத்து, மிச்சத்தை அதன் அடியில் சுற்றி இறுக்க வேண்டும். பிழைத்தால் வெட்டி எறியத்தான் வேண்டும். எறிவதற்குக் கம்பி இருக்கவில்லை.

வேர்னியர் அளவுகோலில் மணிகளை ஒவ்வொன்றாகப் பிடித்தபோதுதான் கணக்கு உதைத்தது. ஒரே மாலை என்றால் அளவு ஒத்திருக்க வேண்டும். இவை பெரிதும் சிறிதுமாக இரண்டு குவியலாகப் பிரிந்தன. பெரியவற்றைக் கன்னத்தில் வைத்தால் குளிர் அப்படியே நின்றது. சிறியவை உடனே சூடேறின. பூதக்கண்ணாடியில் பார்த்தேன், உள்ளே காற்றுக் குமிழிகள். அவை கண்ணாடி மணிகள்.

"என்ன புள்ள, மணியோட கொஞ்சிக்கொண்டிரிக்காய்?" என்று அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மாப்பிள்ளை எனக்கா, உனக்கா?"

"உனக்குத்தான். கையைக் கொஞ்சம் மெலியப் பண்ணு. மணி காணாது."

பகிடிக்குச் சொல்லவில்லை. கண்ணாடி மணிகளை விட்டால் செயின் அவள் கையைச் சுற்றி வராது.

வன்னியில் சண்டை எல்லாம் முடிந்துவிட்டது என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்த வாரம் அது. தெருவில் ஆட்கள் குறைவு. கதைத்தவர்களும் குரலைத் தாழ்த்தித்தான் கதைத்தார்கள். நான் கொக்கியைக் கடைசியாகப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது பாலத்துப் பக்கமிருந்து சடசடவென்று சத்தம் கிளம்பியது. காஸை மூடினேன். அடுத்த கணம் மூன்று பேரும் தரையில் கிடந்தோம். என் முழங்கை தட்டில் பட்டு மணிகள் சீமெந்தில் சிதறி உருண்டன.

அக்காதான் முதலில் தலையைத் தூக்கிக் காது கொடுத்தாள்.

"சூடு இல்ல, சீனவெடி" என்றாள் அக்கா. "முடிஞ்சிட்டாமெண்டு கொளுத்திறானுகள்."

தெரிந்த பிறகும் நாங்கள் எழும்பவில்லை. மேசைக்குக் கீழே அம்மா குப்புறப் படுத்தபடியே மணிகளைத் தடவித் தடவி எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்ததை உள்ளங்கையில் வைத்து இறுக்கப் பொத்தினார்.

"அம்மா, இது ரெண்டு மாலைட மணி" என்றேன்.

"ஓம்."

"சின்னது ஆர்ட?"

அடுத்த கட்டு வெடி ஓய்ந்ததும் அம்மா பொத்திய கையைத் திறந்து பார்த்தார்.

"மச்சாள்ட" என்றார். வேலிக்கு அந்தப் பக்கத்து மாமியை அம்மா அப்படித்தான் கூப்பிடுவார். "நான் தென்னையைக் கட்டிப் பிடிச்சிருந்தன். அவ தண்ணியோட வந்தா. எட்டிப் பிடிச்சன். கையில பட்டது அவட மாலைதான். அதைப் பிடிச்சு இழுத்தன். நூல் அறுந்திட்டு."

அக்கா எழும்பி உட்கார்ந்தாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"இல்ல."

"நாளைக்கு இஞ்ச வந்து இரிக்கப்போறார் அம்மா. உங்கட கையால சாப்பிடப்போறார்."

"அதுக்குத்தான் கோக்கச் சொன்னன். அவர்ர தாய்ர சாமான் அவர் இரிக்கிற வீட்டில இரிக்கட்டும்."

"சொல்லாமப் போட்டா அது களவு."

"சொன்னா அவர் வராம விட்டா?"

அக்கா தன் மடியருகில் கிடந்த ஒரு மணியை எடுத்து என்னிடம் நீட்டினாள். "நீ கோ, புள்ள. சொல்லுறது அம்மாட வேலை. எழுத்துக்கு முன்னம் சொல்லோணும். பிறகு இல்ல."

பொழுதுபடும் வரை கோத்தேன். வெடி கேட்கும்போதெல்லாம் குறடைக் கீழே வைத்தேன். கை அதிர்ந்தால் கம்பி முறிந்துவிடும். பெரியது ஒன்று, சிறியது ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்தேன். வரைபடத்தில் அப்படி இருக்கவில்லை. விழுந்ததில் விளிம்பு சிதைந்த மணி ஒன்றைக் கொக்கிக்குப் பக்கத்தில் ஒதுக்கினேன். எல்லா மணியும் சேர்ந்தபோது அளவு சரியாக வந்தது.

மறுநாள் காலையில் பாலத்து இராணுவச் சோதனையில் மறித்து வைத்ததால் மாப்பிள்ளை பிந்தித்தான் வந்தார். பதிவாளர் முன்னறையில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மாப்பிள்ளையைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். செயினோடு என்னையும் வரச் சொன்னார். அக்கா அறைக்குள் கூறைச் சேலையோடு நின்றாள், யன்னல் திறந்திருந்தது.

தரையில் கிடந்து சொன்ன அதே வார்த்தைகளைத்தான் அம்மா சொன்னார். அழவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. சொல்லி முடித்துவிட்டுச் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றார்.

மாப்பிள்ளை செயினைத் தொடாமல் பார்த்தார்.

"எங்கட அம்மா ஏதும் சொன்னாவா?"

"மச்சாள் எண்டு கூப்பிட்டா. ஒருக்காத்தான்."

அவர் தலையசைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எது அம்மாட எண்டு தெரியுமா?"

"தெரியும்" என்று விரலை நீட்டினேன்.

"வேணாம்" என்றார். "இப்ப காட்டாதீங்க."

முன்னறையிலிருந்து பதிவாளர் குரல் கொடுத்தார். மாப்பிள்ளை அசையவில்லை. கிணற்றடியிலிருந்து இடப்பக்கம் போனால் வேலிப் படலை. அதற்கு வெளியே அவருடைய சைக்கிள் நின்றது. வலப்பக்கம் முன்னறை. யன்னலுக்குள் அக்காவின் வளையல் சத்தம்கூட இல்லை. அம்மா அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் என்னிடம் கையை நீட்டினார். செயினைக் கொடுத்தேன். அதை எடுத்துக்கொண்டு வலப்பக்கம் போனார்.

கையெழுத்து வைப்பதற்கு முன் அவரே அதை அக்காவின் கையில் பூட்டினார். கொக்கி இலகுவில் மாட்டவில்லை. இரண்டு தரம் வழுக்கியது.

"இறுக்கமாச் செய்திரிக்கீங்க" என்றார்.

"ஓம், அத்தான். இழுத்தாலும் அறாது."

அவர் ஒருதரம் இழுத்துப் பார்த்தார்.