மல்கிரேவின் தொழிற்கட்சிக்காரி

"கொஞ்சம் பொறுங்கோ, ஹாரோக்காரர் என்ன எழுதியிருக்கிறார் எண்டு பாத்திட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தால், சந்திரவதனா எழும்ப அரை மணியாகும். கேத்தல் கொதித்துத் தானாகவே அணைந்துவிடும். கணவர் இந்திரகுமார் எழுந்து இருவருக்கும் தேநீர் ஊற்றி, ஒன்றைச் சந்திரவதனாவின் முழங்கைக்குப் பக்கத்தில் வைப்பார். அது ஆறிப்போகும். ஆறியதையே குடித்துவிட்டுச் சந்திரவதனா வேலைக்கு ஓடுவார்.

வேலை, மெல்பேர்னின் புறநகரான மல்கிரேவில் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் முதியோர் இல்லத்தில். தாதியாக இருபத்தைந்து வருட அனுபவம். ஆனால் மனம் குடியிருப்பது இங்கிலாந்தில். எழுபத்தேழில் தாதிப் பயிற்சிக்கு லண்டன் போனவர், எண்பத்தைந்து வரை அங்கே இருந்தார். அங்கே இரண்டு பொதுத் தேர்தல்களில் தொழிற்கட்சிக்கு வாக்களித்தார். இரண்டிலும் கட்சி தோற்றது. மெல்பேர்ன் வந்து இருபது வருடங்களாகிவிட்டன. இங்கே வாக்களிப்பது கட்டாயம் என்பதால், மருந்துக்கடைக்குப் போய் வருவதுபோல் போய் வருவார். "இஞ்ச என்னப்பா அரசியல்? எல்லாரும் வீட்டு வட்டியைப் பற்றிக் கதைக்கினம்" என்பார்.

அவருடைய அரசியல் ஒரு மின்னஞ்சல் குழுவில் நடக்கிறது. நாற்பது பேர் வாசிக்கிறார்கள், ஏழு பேர் எழுதுகிறார்கள், இரண்டு பேர் சண்டை பிடிக்கிறார்கள். ஒருவர் சந்திரவதனா, மற்றவர் லண்டனின் ஹாரோவில் இருக்கும் வரதராஜன். ஆல்ட்கேட்டில் ஏதோ ஒரு அலுவலகத்தில் கணக்காளர், கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர். முகம் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. சாந்தமாக இருக்கும் நாட்களில் சந்திரவதனா அவரை 'அண்ணை' என்று எழுதுவார். கோபம் வந்தால் 'திரு. வரதராஜன்'. அவரோ எந்த நாளும் 'மெல்பேர்ன் தங்கச்சி' என்றே தொடங்கி, எண் போட்டுக் குறிப்புக் குறிப்பாக அடிப்பார்.

2005 மே மாதத் தேர்தலில் தொழிற்கட்சி மூன்றாவது தடவையாக வென்றது. தோற்ற கன்சர்வேட்டிவ் தலைவர் விலகப்போவதாக அறிவித்தார். அடுத்த தலைவர் யார் என்பதில் குழு இரண்டு மாதம் கொதித்தது. வரதராஜன் முப்பத்தெட்டு வயது டேவிட் கமரோன் மேல் பந்தயம் கட்டினார். "அந்தப் பொடியனையோ?" என்று எழுதிவிட்டு, சந்திரவதனா குசினியில் தனியே சிரித்தார்.

பேச்சு குடிவரவுப் பக்கம் திரும்பியபோதுதான் சிரிப்பு நின்றது. நாட்டுக்குள் வருகிறவர்களுக்கு ஒரு எல்லை போடத்தான் வேண்டும் என்று வரதராஜன் எழுதினார். அவரே எண்பத்து நான்கில் அகதியாக ஹீத்ரோவில் இறங்கியவர். ஜூலை ஆறாம் திகதி, புதன்கிழமை மாலை, சந்திரவதனா மறுமொழி எழுதினார்: "திரு. வரதராஜன், கரை சேர்ந்ததும் தோணியைக் காலால் உதைக்கிற ஆள் நீங்கள். உங்களுக்குக் கட்சி ஒரு சாட்டு."

அனுப்பிவிட்டுப் பருப்புக்குத் தாளித்தார். நல்ல வசனம் என்று அப்போது தோன்றியது.

மறுநாள் மாலை தொலைக்காட்சியில் லண்டன் காட்டினார்கள். முதலில் மின்சாரக் கோளாறு என்றார்கள். பிறகு குண்டுகள் என்றார்கள். மூன்று சுரங்க ரயில்கள், ஒரு பேருந்து. ஒரு குண்டு ஆல்ட்கேட்டுக்குப் பக்கத்தில், காலை எட்டு ஐம்பதுக்கு.

ஹாரோவிலிருந்து ஆல்ட்கேட்டுக்குப் போகும் ரயில் பிந்துவதைப் பற்றி வரதராஜன் குறைந்தது முப்பது மடல்கள் எழுதியிருப்பார். 'எட்டு ஐம்பதுக்கு இறங்கவேண்டிய நான் ஒன்பது ஐந்துக்கு இறங்குகிறேன், உங்கள் அரசாங்கத்தின் தயவால்' என்பது அவருடைய நிரந்தரப் பல்லவி. அது எல்லாம் தன்னைக் கிண்டுவதற்கு என்றே சந்திரவதனா இதுவரை நினைத்திருந்தார்.

வெள்ளி காலைக்குள் குழுவின் லண்டன்காரர்கள் ஒவ்வொருவராகத் தாங்கள் சுகம் என்று எழுதினார்கள். ஹாரோவிலிருந்து ஒன்றுமில்லை. "வரதராஜன் அண்ணை, ஒரு சொல் எழுதுங்கோ" என்று சந்திரவதனா அனுப்பினார். பத்து நிமிடம் பார்த்திருந்தார். ஒருவரிடமும் அவருடைய தொலைபேசி இலக்கம் இல்லை.

முதியோர் இல்லத்தில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகையில் ஒவ்வொரு பெட்டியின் பெயரையும் மூன்று தரம் வாசித்தார். அவர் மனம் நேரத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. புதன் மாலை மெல்பேர்னில் அனுப்பினால் லண்டனில் புதன் காலை. வரதராஜன் மடல்களை வீட்டுக்குப் போய் இரவுச் சாப்பாட்டுக்கு முன் வாசிப்பவர், அன்றைக்கே பதில் எழுதுபவர். ஆக, வாசித்திருக்கிறார். பதில் எழுதவில்லை. அடுத்த நாள் காலை அந்தத் தோணியை மனதில் வைத்துக்கொண்டு ரயில் ஏறியிருக்கிறார். எப்படிக் கூட்டினாலும் விடை அதுவாகவே வந்தது.

சனிக்கிழமை காலை, "கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போவம்" என்றார் சந்திரவதனா. வெள்ளிக்குக்கூடக் கோயிலுக்கு வராதவர் சொன்னதால் இந்திரகுமார் கேள்வி கேட்காமல் காரை எடுத்தார். அர்ச்சனைத் தட்டை வாங்கிய ஐயர், "பேர், நட்சத்திரம்?" என்றார்.

"வரதராஜன்."

"நட்சத்திரம்?"

அவர் யூரோ நாணயத்தை எதிர்ப்பவர் என்று சந்திரவதனாவுக்குத் தெரியும். லண்டனுக்குள் கார் ஓட்டக் கட்டணம் கேட்பது பகல்கொள்ளை என்பவர் என்று தெரியும். பிள்ளைகள் இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாது.

"தெரியாது ஐயா."

ஐயர் நட்சத்திரத்தை விட்டுவிட்டு மந்திரம் சொன்னார். வெளியே குளிர்காற்றில் சப்பாத்தைப் போடும்போது இந்திரகுமார் மெதுவாகக் கேட்டார்: "ஹாரோக்காரரோ?"

"ஓம்."

"நீர் என்ன எழுதினீர்?"

சொன்னார். வீடு வரும்வரை இந்திரகுமார் வானொலியைப் போடவில்லை.

பின்னேரம், வரதராஜனின் முகவரியிலிருந்து ஒரு மடல் வந்திருந்தது. குழுவுக்கு அல்ல, சந்திரவதனாவுக்கு மட்டும். அதைத் திறக்க அவருக்குத் துணிவு வரவில்லை. இந்திரகுமார்தான் குனிந்து அழுத்தினார்.

"வணக்கம் தங்கச்சி. நான் யோகராணி, வரதராஜன்ர மனுசி. இவருக்குக் காயம் ஒண்டும் இல்லை. இவர் வந்த ரெயில் குண்டு வெடிச்ச ரெயிலுக்குப் பின்னால நிண்டுபோச்சு, இருட்டுக்குள்ளால நடத்திக் கூட்டி வந்து மேல விட்டவை. பஸ் இல்லை. ஹாரோவுக்கு நடந்தே வந்தவர். வந்து கதிரையில இருந்தவர் இருந்தபடிதான். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுறார். கதைக்கிறாரில்லை. நீங்கள் எழுதின தோணிக் கதையை வாசிச்சிட்டு, நல்லா அடிச்சுப்போட்டாள் எண்டு புதன்கிழமை விழுந்து விழுந்து சிரிச்சவர். அதுக்குப் பதினொரு பந்தியில மறுமொழி துவங்கி, முடியாமல் கிடக்குது. இந்த வீட்டில இவர் சத்தமாச் சிரிக்கிறது உங்களோட சண்டை பிடிக்கேக்கைதான். ஏதாவது எழுதுங்கோ. கட்சியைப் பற்றி எழுதுங்கோ. சுகம் விசாரிச்சால் இவர் எழுதமாட்டார்."

சந்திரவதனா முகத்தைக் கழுவிவிட்டு வந்தார். அன்று பின்னேரம் முழுவதும் எழுதினார். எழுதிய ஒரு பந்தியில் ரயில் என்ற சொல் வந்தது, பந்தியையே அழித்தார். கமரோன் தலைவரானால் கட்சி இன்னும் இருபது வருடம் எழும்பாது என்றார். தொழிற்கட்சியின் சாதனைகளை அடுக்கினார். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்ததுதான் குறை என்று பட்டது. மடலின் மேல் பகுதிக்குப் போய், '1974ஆம் ஆண்டுத் தேர்தலில் தொழிற்கட்சி வென்றபோது' என்ற இடத்தில் நான்கை அழித்து மூன்றைப் போட்டார். பின்னால் நின்ற இந்திரகுமாருக்கு அரசியல் தெரியாது. ஆனால் மாற்றியதைக் கண்டார்.

"அது பிழையல்லோ?"

"ஓம், பிழைதான்" என்று சொல்லி அனுப்பினார்.

ஞாயிறு காலை குழுவில் ஹாரோவிலிருந்து மடல் இருந்தது. எண் போட்ட குறிப்புகள் இல்லை. இரண்டே வரிகள்.

"மெல்பேர்ன் தங்கச்சி, 1973இல் பொதுத் தேர்தலே நடக்கவில்லை. 74இல் இரண்டு நடந்தன. பெப்ரவரி, ஒக்டோபர்."

சந்திரவதனா அதை இரண்டு தரம் வாசித்தார். நாற்பது பேர் வாசிக்கும் குழுவில் ஐந்து வருடங்களாக அவர் ஒரு தரவையும் விட்டுக்கொடுத்ததில்லை. பிறகு ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாக, அடித்தார்:

"ஓம் அண்ணை. பிழை என்னுடையது."