ஏழு புளியங்கொட்டை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: ஒன்பது வயதில் நான் முட்டாளாக இருந்தேன். அதற்குப் பிறகும் பெரிய முன்னேற்றம் இல்லை என்று என் மனைவி சொல்வாள். அது இப்போது வேண்டாம். மாட்டு வண்டிகளுக்கெல்லாம் மணி இருக்கிறது, எங்கள் காருக்கு மட்டும் இல்லையே என்ற துக்கத்தில், முன்பக்க இடது சக்கரத்தின் மூடியை நெம்பி எடுத்து, உள்ளே ஏழு புளியங்கொட்டைகளைப் போட்டு மூடினேன். ஏன் ஏழு என்று கேட்காதீர்கள். பையில் அவ்வளவுதான் இருந்தது.

எங்கள் கார் என்றதும் பெரிய இடம் என்று நினைத்துவிட வேண்டாம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன்; அவர் ஓட்டிய வாடகை வண்டி அது. எத்தனையாவது கை மாறி வந்தது என்று அவருக்கே தெரியாது. புத்தூர் ஸ்டேஷனில் இறங்கி எலும்புக் கட்டுக்குப் போகிறவர்களையும், திருப்பதிக்குப் போகிறவர்களையும் ஏற்றுவார். கை முறிந்தவன் இந்த வண்டியில் ஏறினால் காலுக்கும் சேர்த்துக் கட்டுப் போடலாம் என்று மாமன் சொல்வான். மாமன் என் அம்மாவின் தம்பி. லாரி ஷெட்டில் ஃபிட்டர்.

எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மெட்ராஸுக்கு என்று இழுபறி நடந்துகொண்டிருந்த காலம். சித்தூரில் ஓர் அதிகாரி மறுநாள் காலை மனு வாங்குவதாகச் செய்தி வந்தது. எங்கள் ஊரை மெட்ராஸோடு சேர்க்கச் சொல்லி மனு கொடுக்க நான்கு பெரியவர்கள் நைனாவின் வண்டியைப் பேசியிருந்தார்கள்.

அன்று மாலை நைனா வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தும்போது சக்கரம் லொடலொடவென்றது. மூடியைக் கழற்றினார். கொட்டைகள் உருண்டு விழுந்தன. அவர் நிமிர்வதற்குள் நான் ஓடினேன். ஓட்டத்திலும் எனக்குப் பெரிய திறமை கிடையாது. பிடித்து மண்டையில் இரண்டு குட்டு வைத்தார். பிறகு, வண்டியில் ஏதோ சத்தம் கேட்க ஆரம்பித்ததிலிருந்து ஒரு வாரமாகச் சிரிக்காத மனுஷர், சிரித்தார்.

“இதான்டா! இத்தினி நாளா கத்திக்கினு இருந்தது இதான்! வெறும் கொட்டை!”

குட்டிய கையாலேயே எனக்கு ஒரு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தார். மாமனுக்கு மட்டும் அது ஒப்பவில்லை.

“கொட்டைன்னா மெதுவா போகும்போதுதான் மச்சான் லொடலொடன்னும். வேகத்துல ஓரமா ஒட்டிக்கும். நம்ம வண்டி வேகத்துலதானே ஊளையிடுது?”

“சத்தத்தப் புடிச்சாச்சி. உடு மச்சான்” என்றார் நைனா.

காலையில் பெரியவர்கள் நால்வரும் ஏறி உட்கார்ந்தார்கள். முன் சீட்டில் என் அளவுக்கு ஓர் இடைவெளி மிச்சமிருந்தது. சித்தூர் சவாரி வந்தால் என்னைக் கூட்டிப்போவதாக நைனா எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தார். எண்ணெய் தடவி, தலை வாரி, ஏறிக்கொண்டேன். அவர் என்னை அக்குளில் கைவிட்டுத் தூக்கி வெளியே இறக்கினார்.

“நீ வேணாம்.”

“புள்ள வரட்டுமேய்யா, என் மடில குந்திக்கினு வருவான்” என்றார் முன்னால் இருந்த பெரியவர்.

“வேணான்னா வேணாம்.”

வாங்கிய குட்டு இரண்டு. வாழைப்பழத்தோடு கணக்கு தீர்ந்தது என்றிருந்தேன். மறுபடியும் தண்டனையா? தெருவே கேட்கும்படி கத்தினேன்.

“நான் கொட்ட போட்டது நேத்துதான்! சத்தம் போன வாரத்துலருந்தே கீது! திருத்தணிக்குப் போய்க்கினு வந்தமே, அப்பவே ஊளையிட்டுச்சி!”

உண்மை பேசவேண்டும் என்ற ஆசையெல்லாம் எனக்கு இல்லை. சித்தூர் போகவேண்டும், அவ்வளவுதான்.

மாமன் வாயிலிருந்த வேப்பங்குச்சியை எடுத்துத் துப்பினான். “எறங்குங்கய்யா எல்லாரும்.”

பெரியவருக்கு இறங்க மனமில்லை. “வண்டி எடது பக்கமா இழுக்குது, அத்தினிதான். சித்தூர் ரோட்டுல எடது பக்கம்னா மெட்ராஸ். வண்டிக்கே நாயம் தெரியுது!”

“திரும்பி வரும்போது எடது பக்கம் ஆந்திரா ஆச்சே பெரியவரே, அப்ப இன்னா சொல்லுவ?” என்றபடி மாமன் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கினான்.

மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து ஆட்டினான். சக்கரம் கடகடவென்று ஆடியது. “பிரேக்க மிதி மச்சான்” என்றான். நைனா மிதித்தார், ஆட்டம் நின்றது. “உட்டுடு.” மறுபடியும் ஆடியது. கோளாறு சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப்பில்தான் என்றான். கழற்றிப் பார்த்தால், பேரிங் உட்கார வேண்டிய இடம் தேய்ந்து, நைனா செருப்புக்குள் என் கால் போல பேரிங் உள்ளே வழுக்கிக்கொண்டிருந்தது. வலது பக்கமும் ஏறக்குறைய அப்படித்தான்.

“போற வழில கார்வேட்டிநகரத்து ஏரிக்கரை வளைவுல சக்கரமே கழண்டிருக்கும்” என்றான் மாமன். நைனா கிரீஸ் துணியால், கிரீஸே படாத கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பெரியவர்கள் பஸ் பிடித்தார்கள். பஸ் போய்ச் சேர்வதற்குள் அதிகாரி எழுந்து போய்விட்டாராம். ஊர் ஆந்திராவிலேயே நின்றது. ஏழு புளியங்கொட்டையால் ஒரு ராஜ்யம் போச்சு என்று அந்தப் பெரியவர் சாகும்வரை என்னைப் பார்த்தபோதெல்லாம் சொன்னார்.

மாமன் கார்வேட்டிநகரம் போய், ஒரு பழைய பங்களாவின் கொட்டகையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த அதே ஜாதிக் காரிலிருந்து இரண்டு ஹப்புகளைக் கழற்றிக் கோணிப்பையில் கொண்டுவந்தான். நைனா திருப்பதிக்குப் போய்ப் புது பேரிங் வாங்கி வந்தார். மாமன் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, துளி தளர்த்தி, அது கழலாமல் ஒரு கம்பிப் பின்னைச் செருகி மடக்கினான். அதன் பிறகு வண்டி ஊளையிடவில்லை. அடுத்த சவாரிக்கு நைனா, நான் கேட்காமலேயே, என்னை முன் சீட்டில் தூக்கி உட்காரவைத்தார்.

கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் முப்பது வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டியை விற்று வெகுநாள் ஆன பிறகு, ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது விளையாட்டாகக் கேட்டேன்.

“ஏழு கொட்டைக்காகப் பெத்த புள்ளய சித்தூருக்கு ஏத்திக்காம உட்டியே, நைனா?”

அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“அந்த ஊளை எனுக்கும் கேட்டுச்சிடா.”