பனியின் இறுக்கம்

மட்டாஞ்சேரியில் மின்விசிறிக்குக் கீழே வியர்த்து வழிந்துகொண்டு, பனியில் லாரி டயர் எப்படி வழுக்கும் என்று கணினியில் கணக்கிடுவது என் வேலை. நான் பனியைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

பார்த்தவன் என் அண்ணன். வல்லார்பாடம் துறைமுகத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டு காஷ்மீர் வரை லாரி ஓட்டிப் போனான். அங்கே பனிச் சாலையில் பிரேக்கை ஓங்கி மிதித்ததில் வண்டி சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கூட்டாளி செத்துப்போனான். அண்ணனுக்கு ஒரு கால் போயிற்று.

வீட்டுக்கு வந்ததிலிருந்து தினமும் என் மேசையருகே நின்று ஊன்றுகோலைத் தட்டுவான். “பிரேக்க மெல்ல சவிட்டியிருந்தா வண்டி நின்னிருக்குமாடீ? உன் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாரேன்.”

ஒரு நாள் எரிச்சல் தாங்காமல் போட்டேன். வேகம், பாரம், டயரின் தேய்மானம் எல்லாம் அவனே சொன்னான். பனி எவ்வளவு இறுகியிருந்தது என்பது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. அளக்காத பனிக்கு நாங்களே ஓர் எண் போட்டுக்கொள்வது எங்கள் தொழிலில் வழக்கம். ஐஸ்கட்டி போல இறுகிய பனி என்று போட்டேன். எப்படி மிதித்தாலும் வண்டி நிற்கவில்லை. கொஞ்சம் இளகிய பனி என்று மாற்றினேன். மெல்ல மிதித்தால் நின்றது.

இரண்டு விடைகளும் திரையில் கோடுகளாக இருந்தன. அவனுக்கு அந்தக் கோடுகள் புரியாது. மறுபடியும் ஊன்றுகோலைத் தட்டினான்.

“நின்னிருக்கும்” என்றேன்.

அதற்குப் பிறகு அந்தச் சத்தம் என் அறைப் பக்கம் வரவில்லை. எனக்கு வேலை நன்றாக ஓடுகிறது.