குனியாமல் கழற்றும் ஷூ

ஐந்தே நாளில் ஒரு பொருளை யோசித்து, செய்து, உலகத்திடம் காட்டி, உலகம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொண்டுவிடலாம் என்று நம்பிய முட்டாள் நான். நம்பியதோடு நின்றிருந்தால் அது என் சொந்த விஷயம். ஆம்பூரில் ஒழுங்காக வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவனையும் நம்பவைத்தேன். அதுவும் லீவு போட்டு, பஸ் ஏறிப் போய் நம்பவைத்தேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் நான் பெங்களூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தேன். அங்கே ஒரு வெளிநாட்டுக்காரர் வந்து வகுப்பெடுத்தார். புதிதாகக் கம்பெனி ஆரம்பிப்பவர்கள் மாதக்கணக்கில் யோசிக்கக் கூடாதாம். திங்கள் பிரச்சினையைப் பேசு, செவ்வாய் படம் போடு, புதன் ஒன்றைத் தேர்ந்தெடு, வியாழன் மாதிரி செய், வெள்ளிக்கிழமை வெளியாட்கள் ஐந்து பேரிடம் கொடுத்துப் பார். பார்க்கும்போது நீ வாயைத் திறக்காதே. அவ்வளவுதான். வகுப்பு முடிந்து கொடுத்த சமோசா பிரமாதமாக இருந்ததால் எனக்கு அந்த முறையும் பிடித்துவிட்டது.

ஆம்பூர் நண்பன் கல்லூரியில் என்னோடு படித்தவன். ஷூ ஃபேக்டரியில் சாம்பிள் செக்‌ஷனில் இருந்தான். வெளிநாட்டுக் கம்பெனிகள் கேட்கிற மாதிரியை முதலில் ஒரு ஜோடி செய்து காட்டுகிற இடம் அது. யாரோ ஒருவர் பெயர் போட்ட ஷூவையே செய்து செய்து அவனுக்கு அலுத்துவிட்டது. தன் பெயரில் ஒன்று செய்ய வேண்டும் என்று போனில் என்னிடம் புலம்புவான். கடைசியில் மேனேஜரிடம் ஒரு வாரம் லீவு வாங்கினான். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வருகிறானா இல்லையா என்று சனிக்கிழமை வந்து சொல்லிவிட வேண்டும். வரவில்லை என்றால் அந்த இடத்துக்கு ஆள் தயாராக இருக்கிறான் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வீட்டில் இரண்டு குழந்தைகள். இந்த நிலையில்தான் நான் ஐந்து நாள் முறையோடு போய் இறங்கினேன்.

இடம், அவனுடைய மாமு வைத்திருந்த தோல் மண்டியின் மாடி. மாமு என்றால் அம்மாவின் தம்பி. கீழே உப்புப் போட்ட ஆட்டுத் தோல்கள் அடுக்கியிருக்கும். மேலே நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு யோசித்தோம்.

முறைப்படி, தோன்றுவதையெல்லாம் மஞ்சள் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். சுண்ணாம்புச் சுவரில் ஒன்றும் நிற்கவில்லை. ஃபேனைப் போட்டதும் எங்கள் யோசனைகள் எல்லாம் ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போயின. நண்பன் ஷூ ஒட்டுகிற பசையைக் கொண்டுவந்தான். அதற்குப் பிறகு ஃபேன் என்ன, புயலே வந்தாலும் அசையாது. புதன்கிழமை வேண்டாத யோசனைகளை எடுத்துவிட வேண்டும் என்கிறது முறை. எடுக்கப் பார்த்தோம், சுவர் கையோடு வந்தது.

“யார் இன்னா சொன்னாலும் குறை சொல்லக் கூடாது, அதான் ரூல்” என்றேன்.

“அப்டின்னா எங்க வூட்ல யாருமே வாயத் தொறக்க முடியாதுப்பா” என்றான்.

குறையே சொல்லாததால் ஒரு யோசனை வளர்ந்து பெரிதாகிவிட்டது. பள்ளிவாசல், சர்ச், கோயில், டாக்டர் அறை, சொந்தக்காரர் வீடு என்று நம் ஆட்கள் நாள் முழுக்க ஷூவைக் கழற்றி மாட்டுகிறார்கள். குனிந்து லேஸை அவிழ்ப்பது பேஜார். ஆகவே, குனியாமல் கழற்றுகிற ஆபீஸ் ஷூ. குதிகால் பக்கத்தை வெட்டி, கதவு மாதிரி கீல் வைத்து, காந்தத்தால் மூட வேண்டியது. உதறினால் திறக்கும், மிதித்தால் மூடும். காந்தத்துக்கு ஹார்டுவேர் கடையில் அலமாரிக் கதவுக் காந்தம் வாங்கினோம். இவ்வளவையும் பேசி முடித்த இரண்டு பேரும் ரப்பர் செருப்புதான் போட்டிருந்தோம். ஷூ செய்கிற அந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். அது எங்கள் கண்ணில் படவில்லை.

வியாழக்கிழமை ஷூ தயார். பார்க்க நிஜமாகவே அழகாக இருந்தது. பீரோ மூடுகிற சத்தம் மட்டும் வந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து ஐந்து பேரை வரச் சொல்லலாம் என்றான். டீயும் பிஸ்கட்டும் போதும் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

“வூட்டுக்குக் கூப்ட்டு டீ குடுத்து அனுப்பினா, நாளைக்கு நான் கடைத்தெருவுல நடக்க வேணாமா?”

மறுநாள் நான் போய்ப் பார்க்கும்போது மண்டியின் பின்பக்கம் ஒரு பிரியாணி மாஸ்டர் அண்டா ஏற்றியிருந்தார். கத்திரிக்காய் தனியாக வெந்துகொண்டிருந்தது. ஐந்து பேரை அழைத்ததற்கு ஒரு நிச்சயதார்த்தக் கூட்டம் வந்துவிட்டது. எல்லாரும் அத்தர் மணக்க உட்கார்ந்தார்கள். ஒருவர் என்னைக் காட்டி, “மாப்ள இவர்தானா?” என்று மாமுவிடம் விசாரித்தார். விசேஷம் எதுவுமில்லை, ஒரு ஷூ போட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் யோசித்துவிட்டு, “அதுக்கு இன்னா, நல்ல காரியம்தானே” என்றார்.

சாப்பாடு முடிந்து சோதனை ஆரம்பித்தது. முதலில் மாமுவே ஷூவை மாட்டிக்கொண்டு நடந்தார். ஒவ்வோர் அடிக்கும் குதிகால் டப்பென்று திறந்தது. அவர் கால்விரல்களை உள்ளே மடக்கி ஷூவைப் பிடித்துக்கொண்டு, காலைத் தரையிலிருந்து எடுக்காமலே, தரைக்குப் பாலிஷ் போடுகிறவர் மாதிரி அறையைச் சுற்றி வந்தார். நெற்றி வேர்த்தது.

“எப்டி இருக்குது மாமு?” என்றான் நண்பன்.

“ஃபஸ்ட் கிளாஸ்டா. போட்ட மாதிரியே தெரியல.”

அடுத்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து, “காத்தோட்டம் ஜாஸ்தி, காலுக்கு நல்லது” என்றார். மூன்றாமவருக்கு ஒரு ஷூ எகிறிப் போய்த் தயிர்ப் பச்சடிப் பாத்திரத்தின் பக்கத்தில் விழுந்தது. “சீக்கிரம் கழண்டுக்குது பாருங்க. இதான் வேணும்” என்று அவரே பாராட்டினார். வயிறு நிறைய சாப்பிட்ட வீட்டில் யார் குறை சொல்வார்கள்? ஆம்பூரில் அதைவிட மரியாதைக்கேடு கிடையாது. எல்லாரும் ஒரே குரலில் சூப்பர் என்று சொல்லிவிட்டு, படியில் உட்கார்ந்து, பெருமூச்சோடு தங்கள் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள்.

நண்பன் முகம் பளபளவென்று இருந்தது. “எல்லாரும் ஓகே சொல்ட்டாங்க. நீ இன்னா சொல்ற? நாளைக்கு மேனேஜர்கிட்ட வர்லன்னு சொல்லிடட்டா?”

மாமு காலை எடுக்காமல் தேய்த்து நடந்ததை நான் பார்த்திருந்தேன். சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நானும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டிருந்தேன்.

“ரிசல்ட் நல்லா வந்திருக்குது” என்றேன்.

தட்டுகளை எடுக்க வந்த அவன் மனைவி, பள்ளிக்கூட டீச்சர், என்னைப் பார்த்து, “அண்ணா, நீங்க உங்க வேலைய வுட்டீங்களா?” என்று கேட்டார்.

“லீவு போட்டிருக்கேன்மா.”

“ம்” என்று சொல்லிவிட்டுத் தட்டுகளோடு போய்விட்டார்.

சனிக்கிழமை காலை நண்பன் அந்த ஷூவையே போட்டுக்கொண்டு ஃபேக்டரிக்குக் கிளம்பினான். சொந்தக் கம்பெனி ஆரம்பிப்பவன் சொந்த ஷூவில் போய் நிற்க வேண்டும் என்பது என் யோசனை. துணைக்கு நானும் போனேன். கேட்டிலிருந்து ஆபீஸுக்குப் போகிற வழியில் சாக்கடைக்கு மேல் இரும்புக் கம்பி மூடி போட்டிருந்தார்கள். மேனேஜர் வராந்தாவில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நண்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அந்த மூடியை மிதித்தான். டப்பென்று குதிகால் திறந்தது. கதவில் இருந்த காந்தம் கம்பியோடு போய் ஒட்டிக்கொண்டது. கால் மட்டும் முன்னால் போனது. ஷூ அங்கேயே வாட்ச்மேன் மாதிரி நின்றது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு காலில் ஷூ, மறு காலில் சாக்ஸோடு நேராகப் போய் மேனேஜர் முன்னால் நின்றான். அவர் அவன் சாக்ஸைப் பார்த்தார். பிறகு தூரத்தில் நின்ற ஷூவையும், அதைப் பிய்த்தெடுக்க இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்த என்னையும் பார்த்தார்.

“இன்னாப்பா முடிவு?” என்றார்.

எனக்கு அங்கிருந்தே கேட்டது.

“வர்றேன் சார்” என்றான்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவன் என்னோடு வந்தான். ஷூ என் கையில் இருந்தது. காந்தத்தில் நாலைந்து ஆணிகளும் ஒரு ஸ்கூட்டர் நட்டும் ஒட்டியிருந்தன. எனக்கு மனசு கேட்கவில்லை.

“காந்தத்த மாத்திட்டா சரியாய்டும்ப்பா. நான் இன்னொரு வாரம் லீவு சொல்றேன். திங்கக்கிழமையே மறுபடி ஆரம்பிச்சுட்லாம்.”

“திங்கக்கிழமை எனக்கு வேலை இருக்குது” என்றான்.